கைக்கு வந்த தேதியை மாற்றலாமா?

தாராவி தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து புறப்பட்டு மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா-குர்லா வளாகம். கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் அந்த வளாகத்தில்தான் 2011-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கத் துணைத் தூதரகம் இயங்கி வருகிறது. நெரிசல் இல்லாத நேரத்தில் ஆட்டோவில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அந்தச் சிறிது தூரத்தைக் கடக்க ஒரு தமிழ்க் குடும்பம் 19 ஆண்டுகள் காத்திருந்தது. காத்திருந்து கிடைத்த பேட்டித் தேதியைத் தள்ளிப் போடுவதா, வேண்டாமா என்று முடிவு செய்யக் கிடைத்த அவகாசமோ ஒரு வாரம்தான்.

குடும்பத் தலைவர் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் சரக்கு ஏஜெண்டு காரியாலயத்தில் குமாஸ்தா. வயது 50. திருநெல்வேலிச் சீமைக்காரர். மனைவி, 22 வயது மகள், 16 வயது மகன். ஊரில் 76 வயதுத் தாயார். உடன்பிறந்த அக்காள் நர்சுப் படிப்பு முடித்து, 25 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கா சென்றவர். அங்கே பிரஜையானதும், 2006-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தம்பிக்காக ஒரு மனுப் போட்டார். மகள் அப்போது நடை பழகிய குழந்தை. மகன் பிறக்கவே இல்லை.

பத்தொன்பது ஆண்டு ஏன்?

உடன்பிறந்தாருக்காகப் போடும் மனுவுக்கு அமெரிக்கச் சட்டத்தில் நான்காம் வகுப்பு என்று பெயர். உலகம் முழுவதற்குமாக அந்த வகுப்புக்கு ஆண்டுக்கு 65,000 விசா. மனுதாரரின் தம்பி மட்டுமல்ல, தம்பி மனைவியும் பிள்ளைகளும் அந்தக் கணக்கிலேயே அடங்குவர். எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் ஏறத்தாழ 7 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது என்பது இன்னொரு விதி. மனுக்களோ மலைபோல் குவிந்திருக்கின்றன. ஆகவே இந்தியர்களின் வரிசை மிக மெதுவாக நகருகிறது.

ஒரு காலத்தில் வரிசையில் நிற்கவே வழியில்லை. 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடம்தான். 1965-இல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கதவை அகலத் திறந்தது. உறவினரை உறவினர் அழைத்துக்கொள்ளும் இன்றைய முறைக்கு அதுவே அடிப்படை.

மனுக் கொடுத்த நாளே வரிசையில் ஒருவருடைய இடம். மாதந்தோறும் அமெரிக்க வெளியுறவுத் துறை ஓர் அறிவிப்பு வெளியிடும். இந்த வகுப்புக்கு, இந்த நாட்டுக்கு, இந்தத் தேதிக்கு முன் மனுப் போட்டவர்களுக்கு இம்மாதம் விசா உண்டு என்று அதில் இருக்கும். ரேஷன் கடைப் பலகையைப் பார்ப்பது போல, குமாஸ்தா மாதம் தவறாமல் அதைப் பார்த்து வந்தார். சில மாதம் பத்து நாள் நகரும். சில மாதம் அசையாது.

கடைசியில் அவருடைய முறை வந்தது. ஆளுக்கு 325 டாலர் விண்ணப்பக் கட்டணம், அக்காள் தரும் ஆதரவுப் பத்திரத்தைப் பரிசீலிக்க 120 டாலர், ஆக நால்வருக்கும் 1,420 டாலர் கட்டியாயிற்று. இது திரும்ப வராத பணம். படிவங்கள், பிறப்புச் சான்று, திருமணச் சான்று, போலீஸ் சான்று எல்லாம் அனுப்பியாயிற்று. குமாஸ்தாவின் பிறப்பு கிராமத்துப் பதிவேட்டில் இல்லை. பதிவாகவில்லை என்பதற்கே ஒரு சான்று வாங்கி, பள்ளிச் சான்றிதழையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது.

ஜூலை கடைசியில் கடிதம் வந்தது. செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் பேட்டி.

ஊரிலிருந்து வந்த போன்

ஆகஸ்டு நடுவில் இன்னொரு செய்தி வந்தது. கிணற்றடியில் தாயார் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும்.

குமாஸ்தா அன்றிரவே நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறினார். இரண்டு இரவுப் பயணம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஆறு வாரம் பக்கத்தில் ஆள் வேண்டும், கையைப் பிடித்து நடக்கப் பழக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தாய்மாமன் பேச்சை எடுத்தார்.

"மருமவனே, அக்கா வயசுக்கு இது சின்ன அடி இல்ல. கண்ண மூடுறதுக்குள்ள பேத்தி கழுத்துல தாலி ஏறுறதப் பாக்கணும்னு அவளுக்கு ஆச. மாப்பிள்ளை வீட்டுலயும் கேட்டுக்கிட்டே இருக்காக. அமெரிக்காக்காரன் பேட்டியத் தள்ளி வையி. ஆவணி முடியறதுக்குள்ள கல்யாணத்த முடிச்சிருவோம்."

மாப்பிள்ளை நல்ல இடம். பெண்ணுக்கும் பிடித்திருந்தது. பூ வைத்து உறுதி செய்வதாக ஏற்கெனவே பேச்சும் இருந்தது.

குமாஸ்தாவால் பதில் சொல்ல முடியவில்லை. "கேட்டுச் சொல்றேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு மும்பைக்குத் திரும்பினார்.

அண்ணாச்சியின் கணக்கு

தாராவியில் அவருக்கு மேல் வீட்டில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். அந்த வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. தம்பி மகனை இதே வழியில் அனுப்பி வைத்தவர். காகிதங்களை நிதானமாகப் படிக்கும் பழக்கம் உள்ளவர். குமாஸ்தாவும் மனைவியும் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார்கள்.

"தேதியை மாத்தலாமா அண்ணாச்சி?"

"மாத்தலாம். அதுக்கு வழி உண்டு. ஆனா மாத்துனா என்ன போகும், மாத்தாட்டா என்ன போகும்னு ரெண்டையும் எழுதிப் பாத்துட்டு மாத்தணும்" என்றார் அவர். ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் கணக்கு எழுதத் தொடங்கினார்.

முதலாவது, விசா எண். பேட்டிக்கு அழைக்கப்படுபவருக்கு அந்த மாதத்துக்கு ஓர் எண் ஒதுக்கப்படுகிறது. அவர் வராவிட்டால் அந்த எண் திரும்பிப் போய்விடும். அமெரிக்க அரசின் கணக்கு ஆண்டு அக்டோபர் 1-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடிகிறது. செப்டம்பரில் வாங்காத எண்ணை அக்டோபருக்கு எடுத்துப் போக முடியாது. அக்டோபரில் புதுக் கணக்கிலிருந்து புது எண் வர வேண்டும்.

அறிவிப்புத் தேதி எப்போதும் முன்னோக்கியே போகும் என்பதற்கும் உறுதியில்லை. எண்கள் தீர்ந்து, தேதி பின்னோக்கி நகர்ந்த காலங்களும் உண்டு. பேட்டியைத் தள்ளிப் போட்டவர், புதுப் பேட்டி நாளில் தம் தேதி வரிசைக்கு வெளியே போய்விட்டதைக் கண்டால், மீண்டும் உள்ளே வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, புதுத் தேதி. எப்போது கிடைக்கும் என்று எவரும் வாக்குத் தர மாட்டார்கள். அடுத்த மாதமும் ஆகலாம். பல மாதமும் ஆகலாம். நடுவே சட்டம் மாறினால் என்ன செய்வது? 2020 மார்ச்சில் கொரோனாவால் தூதரகங்கள் பேட்டிகளை நிறுத்தின. ஏப்ரலில் ஜனாதிபதி உத்தரவு ஒன்று, உடன்பிறந்தார் வகுப்பு உள்பட, பலவகைக் குடியேற்ற விசாக்களை நிறுத்தி வைத்தது. 2021 பிப்ரவரியில்தான் அது நீக்கப்பட்டது. "பிப்ரவரியில பேட்டி முடிச்சவன் போய்ச் சேந்தான். ஏப்ரலுக்கு வச்சுக்கிட்டவன் வாசல்ல நின்னான்" என்றார் அண்ணாச்சி.

மூன்றாவது, பதில் சொல்லாமல் இருப்பது. தேதியை மாற்றக் கேட்பது வேறு. பேட்டிக்கும் போகாமல், தகவலும் கொடுக்காமல் இருப்பது வேறு. முறை வந்ததாக அறிவித்த பின் ஓராண்டு சும்மா இருந்துவிட்டால் மனுவின் பதிவே ரத்தாகும். தம் கையை மீறிய காரணத்தால்தான் வர முடியவில்லை என்று இரண்டு ஆண்டுக்குள் நிரூபித்தால் மீட்க வழி உண்டு. ஆனால் அந்தச் சோதனைக்கு யாரும் ஆளாகாமல் இருப்பதே நல்லது.

எப்போது மாற்றலாம்?

மாற்றியே தீர வேண்டிய நிலைகளும் உண்டு. விண்ணப்பதாரரே படுக்கையில் கிடக்கிறார். பிரசவ நாள் நெருங்கிவிட்டது. பாஸ்போர்ட் காலாவதியாகிப் புதியது கைக்கு வரவில்லை. இவையெல்லாம் நியாயமான காரணங்கள். மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சுப் படத்தில் சந்தேகம் வந்து, சளிப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வர எட்டு வாரம் ஆகும். அப்போதும் பொறுத்தே ஆக வேண்டும்.

ஆனால் ஒரு காகிதம் குறைகிறது என்பதற்காகத் தேதியை மாற்றுவது பெரும்பாலும் தேவையற்றது. பேட்டிக்குப் போனால், குறைகிற காகிதத்தைக் குறித்து ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அந்தக் காகிதத்தைப் பின்னால் சேர்க்க ஓராண்டு அவகாசம் உண்டு. வளைகுடா நாட்டில் ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்களிடம் அந்த நாட்டுப் போலீஸ் சான்றும் கேட்பார்கள். அது வர நாளாகும். அவர்களும் பேட்டிக்குப் போய்விடுவதே மேல். ஆயினும் செப்டம்பர் போன்ற கடைசி மாதத்தில், பாக்கிக் காகிதம் வருவதற்குள் எண் கை நழுவலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

குமாஸ்தாவின் விஷயத்தில் அக்காளின் கடைசி ஆண்டு வருமான வரிப் பத்திரம் ஒன்றுதான் பாக்கி. "அதை உடனே அனுப்பச் சொல்லு" என்று கணக்கில் ஒரு கோடு அடித்தார் அண்ணாச்சி.

தாலியும் விசாவும்

பிறகு மகளின் கல்யாணத்துக்கு வந்தார்கள். அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தகப்பனாரின் விசாவோடு சேர்ந்து வரும் பிள்ளை 21 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும், மணமாகாதிருக்க வேண்டும். பெண்ணுக்கு 22 ஆகிவிட்டதே என்று கேட்கலாம். மனு பரிசீலனையில் கிடந்த காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ள 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. இந்த மனு அங்கீகாரம் பெற நான்கு ஆண்டு ஆயிற்று. 22-இல் 4 போனால் 18. முறை வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பமும் கொடுத்துவிட்டதால் பெண் கணக்குக்குள் இருக்கிறாள்.

ஆனால் வயதைக் கழிக்கும் சட்டம் தாலியைக் கழிக்காது. அமெரிக்க மண்ணில் இறங்குவதற்கு முன் திருமணம் நடந்தால், அவள் இந்த மனுவில் பிள்ளை அல்ல. விசா கைக்கு வந்த பிறகு நடந்தாலும் அதுவே விதி.

"ரிஜிஸ்டர் பண்ணாம, கோயில்ல வச்சுத் தாலியக் கட்டிட்டு, சொல்லாம இருந்துட்டா?" என்று மனைவி தயங்கிக் கேட்டார். ஊரில் யாரோ சொல்லிக் கொடுத்த யோசனை அது.

"அதைவிட ஆபத்து வேற இல்லம்மா. பதிவு பண்ணாட்டாலும் கல்யாணம் கல்யாணம்தான். மறைச்சது தெரிஞ்சா பொய் சொல்லி விசா வாங்குனதா ஆகும். ஆயுசுக்கும் அந்த நாட்டுக்குள்ள விடாம தடுக்கச் சட்டம் இருக்கு. பொண்ணு பேர்ல அந்தக் கறை வேண்டாம்" என்றார் பெரியவர்.

நிச்சயதார்த்தத்துக்குத் தடை இல்லை. பூ வைக்கலாம், தட்டு மாற்றலாம். அமெரிக்காவில் கால் வைத்த பின் ஊருக்கு வந்து திருமணம் செய்துகொள்ளலாம். ஆனால் அதன் பிறகு கணவனுக்காக அவள் தனியாக மனுப் போட்டு, சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டி வரும். அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் அவளைப் பற்றிய பேச்சு. அதுவரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகளைப் பெரியவர் கூப்பிட்டு, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார்.

"பாட்டி ஆசைக்காக ஆவணியிலயே கல்யாணம்னா சம்மதம் தாத்தா. ஆனா நான் இங்க, அம்மா அப்பா தம்பி அங்கன்னு ஆகும்னா, அதப் பாட்டிகிட்டயே ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யுங்க" என்றாள் அவள்.

பேட்டி வேறு, பயணம் வேறு

குமாஸ்தாவின் மனத்தில் இருந்த முடிச்சை அவிழ்த்தது கடைசியாக அண்ணாச்சி கேட்ட ஒரு கேள்விதான்.

"பேட்டி முடிஞ்ச மறுநாளே பிளேன் ஏறணும்னு யாருப்பா உனக்குச் சொன்னது?"

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். வீட்டில் எல்லோருமே அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பேட்டி என்றால் புறப்பாடு. புறப்பாடு என்றால் தாயாரை விட்டுவிட்டுப் போவது. அதனாலேயே பேட்டியைத் தள்ளி வைக்கத் தோன்றியது.

உண்மையில் பேட்டி அரை நாள் காரியம். கிடைக்கும் விசா, மருத்துவப் பரிசோதனை நடந்த நாளை ஒட்டி, ஆறு மாதம் வரை செல்லும். ஆகஸ்டு கடைசியில் பரிசோதனை என்றால் பிப்ரவரி வரை பயணத்துக்கு அவகாசம் உண்டு. மனைவியோ பிள்ளையோ அவருக்குப் பின்னால் வந்து சேரவும் சட்டம் இடம் தருகிறது. முதல் விண்ணப்பதாரர் முன்னால் போக வேண்டும். அல்லது அவரோடு சேர்ந்து போக வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

ஆகத் தாயாருக்கு வேண்டிய ஆறு வாரத்துக்கும் பேட்டிக்கும் மோதல் மூன்று நான்கு நாட்களுக்குத்தான். அந்த நாட்களில் அவர் பக்கத்தில் யார் இருப்பது என்பதே மிச்சமிருந்த கேள்வி.

அதற்கு விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. மனுக் கொடுத்தவர் பேட்டிக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே அக்காள் மும்பைக்கு வரவில்லை. ஒரு மாதம் லீவு போட்டுக்கொண்டு திருவனந்தபுரத்தில் இறங்கி, நேரே தாயாரிடம் போனார்.

"இருபத்தஞ்சு வருஷம் நீ பாத்துக்கிட்ட தம்பி. ஒரு மாசம் நான் பாத்துக்கிடுதேன். நீ போயிட்டு வா" என்றார் போனில்.

பாட்டி சொன்னது

பேட்டிக்கு முன் குடும்பத்தோடு ஒருமுறை ஊருக்குப் போய் வந்தார்கள். பேத்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பாட்டியிடம் சொன்னாள். 21 வயது, 4 ஆண்டு கழிவு எதுவும் அவருக்கு விளங்கவில்லை. தாலி ஏறினால் அவள் மட்டும் தனியே நிற்க நேரிடும் என்பது மட்டும் விளங்கியது.

"எனக்காவ அவசரப்பட்டு எம் பேத்தியத் தனியா விட்டுட்டுப் போவாதீங்க. பூ மட்டும் வைங்க. நான் பாத்துட்டேன்னு வச்சுக்கிடுதேன்" என்று அவர் தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் தாய்மாமனும் பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் காத்திருக்கச் சம்மதம் என்று தகவல் வந்தது.

தாயாரையும் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்போர் உண்டு. பிரஜையின் பெற்றோருக்கு வரிசையும் இல்லை, எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை. அக்காள் எத்தனையோ முறை கேட்டுவிட்டார். இந்த வீட்டையும் வாசல் வேப்பமரத்தையும் விட்டு வர முடியாது என்பதே தாயாரின் பதில். சட்டம் திறந்து வைத்த கதவு எல்லோருக்கும் வேண்டும் என்பதில்லை.

அரை நாள்

பேட்டி அன்று காலையில் நால்வரும் விடியுமுன் எழுந்தார்கள். மித்தி ஆற்றைத் தாண்டி வரிசையில் நின்றார்கள். அக்காள் அனுப்பிய வரிப் பத்திரம் முந்தின வாரமே கைக்கு வந்திருந்தது.

உள்ளே கேட்டவை எளிய கேள்விகள். மனுக் கொடுத்தவர் என்ன உறவு? அவர் என்ன வேலை பார்க்கிறார்? இருவருக்கும் பெற்றோர் யார்? மகளிடம் ஒரே கேள்வி. திருமணம் ஆகிவிட்டதா? இல்லை என்று அவள் நிமிர்ந்து சொன்னாள். அந்த ஒரு சொல்லை மெய்யாகச் சொல்ல முடிந்ததற்காக அன்று அவளுடைய தாயார் பட்ட நிம்மதிக்கு அளவில்லை.

மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் விசாவோடு பாஸ்போர்ட்டுகள் வந்தன. குமாஸ்தா அடுத்த ரயிலில் ஊருக்குப் போனார். தீபாவளி வரை தாயாரோடு இருந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு தாயார் வாசல் வரை நடந்து வந்ததைப் பார்த்த பிறகுதான், பயணச் சீட்டுக்குத் தேதி கேட்டு அக்காளுக்குப் போன் செய்தார்.

தை பிறந்ததும் புறப்பாடு.

தேதியை மாற்றலாமா என்ற கேள்வியோடு இன்றும் பல வீடுகளில் காகிதங்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிலருக்கு மாற்றுவதே சரியாக இருக்கும். விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுவதால், முடிவெடுக்கும் நாளில் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதும், பிள்ளைகளின் வயதுக் கணக்கில் ஐயம் இருந்தால் விவரம் தெரிந்த வழக்கறிஞரைக் கேட்பதும் அவசியம். அதற்கு முன், தள்ளிப் போட நினைப்பது பேட்டியையா, பிரிவையா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது. பிரிவைத் தள்ளிப் போட ஆறு மாதம் அவகாசம் இருக்கிறது. 19 ஆண்டு காத்து வாங்கிய தேதியை அதற்காகக் கொடுக்க வேண்டியதில்லை.